ஜப்பான்காரரின் கக்கூஸ்

சனிக்கிழமை இரவு, கிரான்பர்ன்.

ஜப்பான் பார்த்துவிட்டு இன்று காலை வீடு வந்தோம். கோயில்களும் கோட்டையும் அழகுதான். ஆனால் மனதில் நிற்பது அவர்களுடைய கக்கூஸ். பொத்தானை அழுத்தினால் இளஞ்சூட்டுத் தண்ணீர் தானே வந்து கழுவிவிடுகிறது!

கடதாசி மட்டுமே வைக்கும் இந்த வெளிநாட்டு வீட்டுக் கக்கூசில் நான் கழுவ வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைப் போன பொங்கலன்று மருமகள் ஒளித்துவைத்தாள். "ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம், மாமி?" என்றாள். மறப்பேனா? ஜப்பானில் அவள்தான் உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டாள்.

இன்று சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள்: "மாமி, எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒண்டு பூட்டுவமே?"

"ஏன் பிள்ளை, ஆக்கள் வந்தா அதை எங்க ஒளிப்பாய்?" என்றேன்.

மகனுக்குப் புரைக்கேறிவிட்டது. அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளை மன்னிப்பதைப் பற்றி, அதை வாங்கிப் பொருத்தின பிறகு யோசிக்கலாம்.