ஜெல்லில் மீந்த ஒரு குழி

அன்புத் தம்பிக்கு,

உனக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ஆய்வகத்தில் நின்று நின்று குதிகால் போய்விட்டது.

போன வாரம், பைன் மரங்களில் வளரும் பூஞ்சைகளை அவற்றின் நொதிகளை வைத்து இனம் பிரித்துக்கொண்டிருந்தோம். பூஞ்சையின் சாற்றை ஜெல் என்னும் கூழ்த் தகட்டில் ஒரு குழியில் விட்டு, மின்சாரம் பாய்ச்சிச் சாயம் ஏற்றினால் நீலக் கோடுகள் தெரியும். இனத்துக்கு இனம் கோடுகள் வேறு. கடைசியில் ஒரு குழி மீந்தது. "சும்மா விட வேணாம் மேடம், எதையாவது போடுங்க" என்றார் உதவியாளர். எட்டு வருடத்துக்கு முன் உன் பைன் தோப்பிலிருந்து எடுத்து வந்து இன்றுவரை வளர்த்து வைத்திருக்கும் பூஞ்சையைப் போட்டேன்.

மரத்தைக் கொல்லும் பூஞ்சையின் கோடுகள் வரவில்லை. காய்ந்த பட்டையைத் தின்று பிழைக்கும் ஒரு சாதுவின் கோடுகள் வந்தன. மூன்று முறை செய்து பார்த்தேன்.

அன்று நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, தோப்பை வெட்டச் சொல்லிவிட்டேன். நீ மறுபேச்சு பேசவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முந்நூறு மரங்களையும் வெட்டினாய்.

வாசல் மரத்தை மட்டும் வெட்ட உனக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து நோய் ஊரெல்லாம் பரவும், அது நிற்கும்வரை உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

முடிவை அறிக்கையில் எழுதிவிட்டேன், யார் செய்த தவறு என்பதையும் சேர்த்து. உனக்கு எழுதத்தான் ஆறு நாள் ஆயிற்று.

அந்த மரம் இன்னும் நிற்கிறதா? நின்றால், அதன் கீழே ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அக்கா