கிரணுக்கு வராத முறை

சேவூர், ஆரணி
7-2-1999

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா சிவப்பிரகாசம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சத்யாவும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, குறை மனசில்தான். நீ செய்தது அநியாயம். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பையனை எங்களிடம் விட்டுப் போனாய், ஆறு மாதம் என்றாய், இந்தத் தையோடு ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. முந்தாநாள் ஜெயவேல் பூத்துக்கு நீ போன் செய்தபோது, கிரண் இப்போதெல்லாம் அழுவதில்லை, நல்ல பிள்ளையாகிவிட்டான், அதனால் ஜூன் மாதம் அங்கேயே எல்.கே.ஜி. சேர்த்துவிடுங்கள், இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று சொன்னாய். பூத்தில் பின்னால் நாலு பேர் நின்றார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவன் ஏன் அழுவதில்லை என்று இப்போது எழுதுகிறேன், அவசரமில்லாமல் படி.

போன வருஷம் ஆடியில் பால்வாடியில் சேர்த்தோம் அல்லவா, முதல் மாதம் தினம் ஒரு புகார். பக்கத்துப் பிள்ளையைக் கடித்தான், பொம்மையைப் பிடுங்கினான். டீச்சர் ஸ்வர்ணலதா அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அங்கே ஒரே ஒரு மரக்குதிரை, பிள்ளைகள் இருபது பேர். ஒருத்தன் ஏறி ஆடுவான், மற்றவர்கள் வரிசையாக நின்று கைதட்டிப் பத்து எண்ணுவார்கள். பத்து ஆனதும், எறங்கு ராஜா எறங்கு, அடுத்த ராஜா ஏறணும் என்று கத்துவார்கள். அவன் தானே இறங்கி, அடுத்த பிள்ளை ஏறும்வரை குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்றதுக்கும் ஒரு டீச்சராம்மா, அதுக்கு ஒரு சம்பளமா என்று நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். நீங்க ஒரு நாள் வந்து வரிசையில நின்னு பாருங்க தாத்தா, உங்களுக்கே பொறுமை இருக்காது என்று சிரித்தாள். மூன்று வாரம் இவன் இறங்கமாட்டேன் என்று குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். அவள் தூக்கி இறக்கினாள், மறுபடி ஏற அவன் முறை வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட்டாள். முறை வந்தே தீரும் என்று நம்பிக்கை வந்த பிறகு பிள்ளை தானாக இறங்கினான். அப்புறம் எங்கே பார்த்தாலும் அதே விளையாட்டுதான். தெருக்குழாயில் குடத்துக்குப் பத்து எண்ணி, எறங்கு ராஜா என்பான். உம் பேரன் வந்தாதான்யா கொழாயாண்ட சண்ட நிக்குது, அவனையே பஞ்சாயத்து தலைவரா போட்டுடலாம் என்று பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது என் தப்பையும் எழுதுகிறேன். அக்கா மட்டும் ஏன் அம்மாகிட்ட இருக்கிறா என்று ஒரு நாள் கேட்டு விடாமல் அழுதான். தறியில் இருந்தேன், எழுந்து வர முடியவில்லை, இப்ப அக்கா முறைடா, அப்புறம் உன் முறை என்று சொல்லிவிட்டேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்துதான் அழுவதில்லை. நீ அதைப் பார்த்து மறந்துவிட்டான் என்று நினைக்கிறாய். மறக்கவில்லை தாயே, அவன் வரிசையில் நிற்கிறான்.

பொங்கலுக்கு நீ அனுப்பின போட்டோவில் சத்யா உன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சுவரில் தாழ்வாக ஒட்டச் சொன்னான், ஒட்டினோம். காலையில் பல் விளக்கியதும் அதன் முன்னால் நின்று கைதட்டி எண்ணுகிறான். முதல் நாள் பத்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, தாத்தா, பத்து எண்ணிட்டேன், அக்கா எறங்கவே இல்லியே என்றான். இன்னொரு தரம் எண்ணு என்றேன். அந்தப் பாவமும் என் தலையில்தான். நேற்று டீச்சரிடம் போய், எங்க அக்கா ஆட்டம் தப்பா ஆடுது மிஸ், நீங்க வந்து சொல்லுங்க என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் பால்வாடியைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்க எறங்காத பிள்ளைய நான் தூக்கி எறக்குவேன், அங்க யாருங்க எறக்குவாங்க, ஏமாத்தறதுக்கா இத்தனை நாள் கத்துக் கொடுத்தேன் என்று என்னைக் கேட்டாள். எழுபது வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் தலை குனிந்தேன். உன் அம்மா அவளுக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டு அடுப்பங்கரையில் அழுதுகினு இருந்தாள். ரொம்பக் காட்டமா எழுதாதீங்க, பொண்ணு அங்க தனியா கெடந்து அழுவும் என்கிறாள். அழட்டும். நான் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு என்ன தெரியும் என்று மாப்பிள்ளை நினைத்தால் நினைக்கட்டும். ஒரு பிள்ளை முறை வரும் என்று நம்புவது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று படித்தவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. இனி ஆக வேண்டியது இதுதான். மாப்பிள்ளை இந்த வாரமே கிரணின் விசாவுக்குக் கம்பெனியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரூம் சின்னது என்கிற பேச்சை விட வேண்டும், இந்த வீட்டில் இரண்டு தறி போக மிச்ச இடத்தில் நாம் ஏழு பேர் படுத்திருக்கிறோம். நீ சித்திரைக்குள் சத்யாவோடு வர வேண்டும். தம்பி பக்கத்தில் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கச் சத்யாவுக்கு நீ இப்போதே சொல்லிப் பழக்க வேண்டும், அவளும் குழந்தைதான், அவளைத் திட்டாதே. எல்.கே.ஜி. விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதை மறந்துவிடு. அவனுடைய பிறந்த சர்ட்டிபிகேட் உன்னிடம் இருக்கிறது, ஞாபகமாக நகல் அனுப்பு. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பது என் வேலை. துணிமணி மடித்து வைப்பது உன் அம்மா வேலை. அவன் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் எப்படி இருப்பது என்பது எங்கள் இரண்டு பேர் வேலை, அதில் நீ தலையிட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவப்பிரகாசம்