ரேணுகாவுக்கு வேறு பெயர்

ஜூலை 3, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. குழந்தையைத் தத்தெடுத்து வீட்டுக்கு அழைத்து வந்து பதினோரு நாள். வயது நாலு, பேச்சு கன்னடம். குழந்தைகள் இல்லத்தில் வைத்த பெயர் ரேணுகா. ஞாயிறு புதுப் பெயர் சூட்டல். திங்கள் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம்.

அத்தை (மாமியார்): "பரசுராமனோட அம்மா பேரும்மா அது. பெத்த புள்ளையே தலைய வெட்டுனான். வேணாம்."

அவர்மேல் மட்டும் பழி போட்டால் பொய். ஆறு வருடம் காத்திருந்தவள் நான். நானே வைத்த பெயர் ஒன்று வேண்டும்.

வாங்க வேண்டியது: பால், சின்ன குடை, சாக்ஸ்.

ஜூலை 4, வெள்ளி
மெட்ரோவில் நின்றபடி பெயர்ப் பட்டியல். ரேணு என்றால் தூசி, மகரந்தமும்தான். வைதேகி: விதேக நாட்டுக்காரி. கௌசல்யா: கோசலத்துக்காரி. திரௌபதி: துருபதன் மகள். ஊர் பெயர், இல்லையென்றால் அப்பா பெயர். எரிச்சல்.

கடைசியில் ஆத்யா. முதலானவள். எனக்குப் பிடித்தது, அத்தைக்கும். என் கணவர் வழக்கம்போல் "உங்க இஷ்டம்."

சாயங்காலம் "ஆத்யா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை நிமிர்ந்தாள். "நானு ரேணுகா." அழவில்லை. என்னைத் திருத்தினாள்.

ஜூலை 5, சனி
இட்லிக்கு அரைத்தாயிற்று. தலைவலி.
அவள் கொண்டுவந்தது இரண்டு கவுன். இரண்டும் சின்னது, முதல் நாளே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மிச்சம் பெயர்தான். அதையும் எடுக்கிறேன். வெட்கம்.

மறுபடி பட்டியல். குந்தி: தத்தெடுத்த குந்திபோஜனால் வந்த பெயர். பிறந்தபோது பிருதை. தத்துப் போனதும் அந்தப் பெயர் போயிற்று. ஆனால் மகன் அர்ஜுனனுக்குப் பார்த்தன் என்று பெயர். பிருதையின் மகன்.

சரியாக அப்போது அத்தை, சமையலறையிலிருந்து, தன் மகனை: "பார்த்தா! கேஸ் தீந்துடுச்சுடா!"

ஜூலை 6, ஞாயிறு
வெயில். காலை காபியோடு அத்தையிடம் சொல்லிவிட்டேன், குந்தி கதை முழுதும். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நாப்பத்திரெண்டு வருஷமா கூப்புடறேன். எனக்கு யாரும் சொல்லலியே." எனக்கோ ஆத்யா என்ற பெயரைக் கைவிட மனசில்லை. குளியலறையில் அஞ்சு நிமிஷம் அழுகை.

பத்து மணிக்குப் புரோகிதர். தட்டில் அரிசி பரப்பி, "பெரியவங்க குழந்தை காதுல பேர சொல்லுங்க" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். குனிந்து குழந்தையின் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

குழந்தை உடனே திரும்பி, "ஏனு, அஜ்ஜி?"
என்ன பாட்டி என்று.