படுகளத்தோடு நின்ற கேசட்

அன்னூர்
12.8.94

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் ஏழு மாதமும் சுகம்தானா என்று முறையாகக் கேட்டு எழுத உட்கார்ந்தால் மனது நிற்கமாட்டேன் என்கிறது, அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஜாவித் மஸ்கட் வந்தபோது அவனிடம் கொடுத்தனுப்பிய அண்ணன்மார் உடுக்கைக் கதைக் கேசட்டை இன்னும் கேட்கவில்லை என்றால் கேட்காதே. கேட்டுவிட்டாய் என்றால் பயப்படாதே.

நீ ஆசையாகக் கேட்டு எழுதியதும் ஒரே கதையின் மூன்று பதிவுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரம் உன் அம்மாவின் காதைப் புண்ணாக்கினேன். காந்திபுரத்தில் வாங்கிய கடைக் கேசட் கணீரென்று இருக்கிறது, ஆனால் உடுக்கையை அமுக்கிக்கொண்டு கீபோர்டு கத்துகிறது. கொடுமுடியில் பதிந்ததில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மைக் வேறு இரைகிறது. நம் ஊர்க் கோயிலில் நானே பதிந்த மயில்சாமி ஆசான் பாட்டுத்தான் பாட்டு, அண்ணன்மார் போருக்குக் கிளம்பும் இடத்தில் அவர் குரலை ஏற்றினால் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறிகிறது. அதைத்தான் அனுப்பினேன். ஆனால் அண்ணன்மார் படுகளத்தில் செத்து விழுந்ததும் டேப் தீர்ந்துவிடுகிறது, தங்கை வந்து தண்ணீர் தெளித்து எழுப்புவது அதில் இல்லை.

விழுந்தவர்களை எழுப்பாமல் கதையை நிறுத்தக்கூடாது என்பது உனக்கே தெரியும். ஏனுங்க, புள்ளைக்கு அனுப்புனதுல எழுப்பறது இருக்குதுங்களா என்று உன் அம்மா நேற்றுக் கேட்டாள். டேப் தீர்ந்துபோச்சு என்று நான் சொன்னதும், மாசமா இருக்கற புள்ளைக்குச் செத்துக் கெடக்கறதோட நிறுத்தியா அனுப்பிப்போட்டீங்க என்றவள்தான், இன்னும் என்னோடு பேசவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு மூன்று தடவை ஓடினேன், உன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜாவித்தின் அப்பா கலீல் ரஹ்மான் அடுத்த மாதம் அங்கே வருகிறார், கொடுமுடிக் கேசட்டை அவரிடம் தருகிறேன். தொண்டை கட்டினாலும் அந்த மனுஷன் ஒருத்தரை விடாமல் பேர் சொல்லி எழுப்புகிறார்.

உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். டேப் பாதியில் நிற்பது தெரிந்தேதான் அனுப்பினேன். மீதிக் கதை உனக்குத் தெரியும்தானே, நல்ல குரலைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். போன தடவை உனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்ததை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும், நானும் சிரித்துத் தள்ளிவிடத்தான் பார்த்தேன், முடியவில்லை, பயமாக இருக்கிறது.

இரும்பு மாத்திரையை விடாதே, கனமான பாத்திரம் எதையும் தூக்காதே. தாயும் பிள்ளையும் குறையில்லாமல் வேறுவேறாகி நல்ல சேதி வர வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். கேட்டுவிட்டாய் என்றால் அடுத்த கேசட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு எழுப்புகிற பாட்டை நீயே பாடிவிடு, வரி மறந்தால் பேரையாவது சொல்லிக் கூப்பிடு. உனக்குக் கட்டைக் குரல் என்று எத்தனையோ தடவை கேலி செய்தவன் நான். அந்தக் குரலே போதும் அம்மணி, பாடு.

உன் அப்பா
காளிச்சாமி