சாத்தான் சபையில் உன் அப்பா

வின்டர்லேக், மின்னசோட்டா
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்பு மகள் கெர்ஸ்டினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளை கேலபும் வயிற்றிலிருக்கும் சின்ன ஜீவனும் அங்கே நலமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? உன்னைச் சுமந்தபோது உன் அம்மாவுக்கும் அப்படித்தான் வீங்கியது. செருப்பு எதுவும் நுழையாமல், என் பனிக்காலணியை மாட்டிக்கொண்டு போய் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தாள். உப்பைக் குறை, காலைத் தூக்கி வைத்துக்கொள்.

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. இந்த வாரம் முழுக்கப் பனி. ரோட்டுப் பனியைத் தள்ளும் நகராட்சி வண்டியிலேயே பாதி நாள் போய்விட்டது. நாய்க்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. செய்தித்தாளில் வந்த என் படத்தை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'நகர மன்றத்தில் சாத்தானியரின் பிரார்த்தனை' என்ற தலைப்புக்குக் கீழே கட்டம் போட்ட பழைய சட்டையில் நான். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். சாத்தானை விட்டுவிட்டேன், மனம் திரும்பினேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால்தான் குழந்தையை என் கண்ணில் காட்டுவோம் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது. வாக்கியம் மாப்பிள்ளை பிரசங்கத்தில் பேசுவது போல இருக்கிறது. எப்படியானாலும் கேட்டது நீ. ஆகவே பதில் உனக்கு.

அந்த வரியை எழுத மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. ஏன் என்று முழுதும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அம்மாவின் கடைசி வருடத்தில் நீ டென்னசியில் இருந்தாய். உனக்குத் தெரியாதது கொஞ்சம் உண்டு. நரம்பு நோய் அவள் கையையும் காலையும் முடக்கிய பிறகு, சபையிலிருந்து மூன்று பேர் வந்து ஜெபித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், கையில் சூப்போடு வந்தார்கள். போகும்போது அவர்களில் ஒருவர், வீட்டுக்குள் ஒளித்து வைத்த பாவம் ஏதாவது இருந்தால் குணம் தடைபடும், யோசித்துப் பாருங்கள் லொரெய்ன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் யோசித்தாள். வாரக்கணக்கில் யோசித்தாள். நான் தலைவாரிவிடும்போது, "ஓரின், நான் என்னப்பா அப்படி பாவம் பண்ணிட்டேன்? ஞாபகமே வரல," என்று கேட்டாள். வாழ்க்கை முழுக்க அந்தச் சபைக்கு ஆர்கன் வாசித்தவள் கேட்ட கேள்வி அது. அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

அந்தச் சமயத்தில் நம் வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? டயர் கடை டுவேன். கறுப்புச் சட்டை, விரலில் கொம்பு வைத்த மோதிரம், பேசும்போது திக்குவான். சின்ன வயதில் நீங்களெல்லாம் அவன் கடையைத் தாண்டும்போது ஓட்டமெடுப்பீர்களே, அதே டுவேன்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அம்மாவை நான் படியில் தூக்கிக்கொண்டு இறங்குவதை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறான். மறுநாள் பலகையும் ரம்பமுமாக வந்து நின்றான்.

உன் அம்மா சும்மா இருப்பாளா? "ஏன் தம்பி, நீ நிஜமாவே பிசாசைக் கும்பிடுறவனா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். அவன் ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இ... இல்லைங்க. நான் யாரையுமே கும்பிடுறதில்ல. அதான் ஊருக்கு என் மேல கோபம்," என்றான். அம்மா சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதன்பிறகு, டுவேன் வந்தால் அவனுக்குக் காபி கொடு, அந்தப் பிசாசு சர்க்கரை அதிகம் போடும் என்று என்னை விரட்டுவாள்.

அம்மா போன பிறகு நான் தேவாலயத்துக்குப் போகவில்லை. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். டுவேன் வந்து, வெள்ளிக்கிழமை கடைக்குப் பின்னால் சாத்தான் சபை என்று நாலு பேர் கூடுவோம், வாங்க என்றான். ஆட்டுத்தலையும் ரத்தமும் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன், மறைக்க மாட்டேன். மடக்கு நாற்காலிகளும் ஜோலீன் செய்த எலுமிச்சை கேக்கும் இருந்தன. யாரும் கவனிக்காத நெடுஞ்சாலையோரக் குப்பையை யார் எந்தப் பக்கம் அள்ளுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாத்தான் என்று ஒருவன் இருப்பதாக அங்கே ஒருவரும் நம்பவில்லை. இல்லாதவனுக்கு எதற்கு இத்தனை நாற்காலி என்று கேட்டேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டுவேனுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனது. இந்தப் பையன் பிசாசு மாதிரி அலறும் ராக் பாட்டு கேட்கிறான், பலி கொடுத்திருப்பான் என்று பேச்சு. பெரியவர்கள் ஆறேழு பேர் அவனைத் தரையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிசாசு ஓட்டினார்கள். திக்குவாய் அன்றைக்கு வந்ததுதான். பூனை அடுத்த வாரம் கொழுத்துப் போய் வீடு திரும்பியது. ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்தப் பேரை அ... அவங்கதான் எனக்கு வெச்சாங்க ஓரின். நான் சரின்னு வாங்கிக்கிட்டேன்," என்றான்.

ஜோலீன் மருத்துவமனைத் தாதி. புருஷன் அடித்து கைமுட்டி உடைந்து சபை மூப்பர்களிடம் போனாள். திரும்பிப் போ, பணிந்து நட என்றார்கள். அவள் போய் வேதாகமத்தைப் புரட்டினாளாம். "அத்தனை பெரிய புத்தகத்துல தேடிப் பாத்தேன். 'பணிய மாட்டேன்'னு கடைசி வரைக்கும் சொன்னவன் ஒருத்தன்தான் இருந்தான். சரி, இவன் நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன்," என்று சொல்லிவிட்டு கேக்கை வெட்டினாள். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "வீட்ல தனியா இருந்தா உங்கள மாதிரி டிவிதான் பாக்கணும்," என்றாள். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

படத்தின் கதைக்கு வருகிறேன். நகர மன்றக் கூட்டம் ஒவ்வொன்றும் ஜெபத்தோடு தொடங்கும். போன கோடையில் ஜோலீன் எழுந்து நிற்கவில்லை. நிற்க மனமில்லாவிட்டால் வெளியே போங்கள் என்றார் மேயர். ஒரு மதத்துக்குக் கதவு திறந்தால் எல்லா மதத்துக்கும் திறக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று டுவேன் மனுப் போட்டான். வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள்.

அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. டுவேன் தாளை எடுத்தான். அவன் வாயைத் திறந்ததும் கூட்டம் எழுந்து கீர்த்தனை பாட ஆரம்பித்தது. உன் அம்மா வாசித்த அதே கீர்த்தனை, கெர்ஸ்டின். அதை ஒரு மனிதனின் குரலை அமுக்கப் பாடி நான் கேட்டதில்லை. அவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து நின்றான். முன்வரிசையில் இரண்டு பேர் அவனைப் போலவே திக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

நான் அதுவரை டுவேனின் சபையில் பெயர் கொடுத்திருக்கவில்லை. ரோட்டு வேலை பற்றிக் கணக்குச் சொல்லத்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவன் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். பாட்டு முடியும்வரை காத்திருந்தேன். பனி வண்டி ஓட்டுகிறவனுக்குக் காத்திருக்கத் தெரியும். பிறகு படித்தேன். பிடிக்காதவர் வீட்டு ரோட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்வோம், கேள்வி கேட்கிறவரைத் தண்டிக்காமல் இருப்போம், நோயாளியிடம் பாவக் கணக்குக் கேட்காமல் இருப்போம் என்று படித்தேன். கடைசி வரி தாளில் இல்லை, நானாகச் சேர்த்தது. கடைசியில், "யார் பேரைச் சொல்லி முடிக்கிறீங்க ஓரின்?" என்று மேயர் ஏளனமாகக் கேட்டார். "சாத்தான் பேரைத்தான். எழுதிக்கோங்க," என்றேன். அந்த நிமிஷம்தான் அந்தப் படம்.

மறுநாள் டுவேனின் கடைக் கண்ணாடி உடைந்து கிடந்தது. காபிக் கடையில் பழைய நண்பர்கள் இருவர் என் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மன்றம் ஜெபத்தை எடுத்துவிட்டு ஒரு நிமிட மௌனம் என்று வைத்துக்கொண்டது. தேவாலய வாசலில் விழும் பனியை ஞாயிறு காலை முதல் வேலையாக இப்போதும் நான்தான் தள்ளுகிறேன். இன்றும் தள்ளிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். மூதாட்டி ஹெல்கா ஜன்னலைத் தட்டி, "நரகத்துக்குப் போறதுக்குள்ள என் வாசலையும் தள்ளிட்டுப் போ," என்றாள். தள்ளினேன்.

ஆகவே, மகளே, விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பொய்யை வைத்து உன் குழந்தையைத் தூக்கினால் என் கை கூசும். நீ ஜெபிப்பதை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் நிற்பேன். அது உங்கள் வீடு, உங்கள் வழக்கம். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஒளிக்காதே. அவன் நல்ல பையன். உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கும்வரை எனக்கு அவன்மீது ஒரு வருத்தமும் இல்லை.

ஏப்ரலில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாயை டுவேன் பார்த்துக்கொள்வான். நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரம் நானும் அந்த ஊரில் இருப்பேன். உள்ளே வர மாட்டேன், உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். எதிர்ப்புறம் கார் நிறுத்துமிடத்தில் என் நீல வண்டி நிற்கும். பிறந்ததும் உன் அறை ஜன்னல் திரையை விலக்கிவிடு. குழந்தையைத் தூக்கிக் காட்டக்கூட வேண்டாம். திரை விலகினால், நீயும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வடக்கே வண்டியைத் திருப்பிவிடுவேன்.

சுகமாகப் பெற்றெடு, என் தங்கமே. உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. இதை யாரிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்காதே. வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அப்பா ஓரின்