ரிசர்வ் பட்டியலில் உன் மகள் இல்லை

அன்பு மாப்பிள்ளை சலீமுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாத சோம்பேறி இன்று எழுதுகிறான் என்றால் ஏதோ வம்பு என்று உனக்கே தெரிந்திருக்கும். வம்புதான். இந்திய மகளிர் ரக்பி அணிக்குப் போன வாரம் ரிசர்வ் ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். உன் நஸ்ரின் பெயரை அடித்தவன் நான்தான்.

திட்டுவதற்கு முன் கேள். மிச்சம் இருந்தது ஒரே இடம். அதுவும் ஸ்கிரம்மில் முன்வரிசையில் நிற்கத் தெரிந்தவளுக்கானது. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து முட்டித் தள்ளும்போது பாரமெல்லாம் முன்வரிசைக் கழுத்தில்தானே இறங்கும். நஸ்ரின் எப்போதும் பின்வரிசை. ஆனாலும் படிவத்தில் ‘முன்வரிசைப் பயிற்சி உண்டு’ என்று எழுதியிருந்தாள். நண்பன் மகள் என்று நான் விலகப் பார்த்தும், குழுவில் மற்ற இருவரும் விடவில்லை. ‘அவள் மண்டபத்தூர் மணலில் ஆடிய நாளிலிருந்தே பார்த்தவன் நீதான், நீயே சொல்’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

“முன்வரிசையில எத்தன மேட்ச்சும்மா ஆடியிருக்க?”

“ஆடுனதில்ல மாமா. சமாளிச்சிடுவேன். ரிசர்வுதானே, எறக்கவா போறாங்க?”

அன்று உன்னிடம் நான் பேசிய அதே பேச்சு. உனக்கு நிக்காஹ் முடிந்து நான்கு மாதம் இருக்கும். மாநிலப் போட்டிக்கு முன்வரிசையில் ரிசர்வ் ஆள் இல்லை. கேப்டன் நான். “பேர மட்டும் குடு மாப்ள, எறக்க மாட்டேன்” என்று சொல்லி, நீ பழகாத வேலைக்கு உன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டாம் பாதியில் ஒருவனுக்குக் கால் பிசகியது. உன்னை இறக்கினேன்.

முதல் ஸ்கிரம்மிலேயே உன் கழுத்து மடங்கியது. அதன் பிறகு உன் இடது கையால் ஒரு டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பைக்கிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொன்னாய். கடைசிவரை அதையே சொன்னாய். ஏன்டா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? ஒரு தடவை திட்டித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பட்டியல் வந்ததும் தருமபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த நஸ்ரின் உள்ளே வரச் சொல்லவில்லை.

“எங்க வாப்பா இருந்திருந்தா எனக்காக பேசியிருப்பாங்க மாமா. நீங்க பேசல.”

அங்கேயே அழுதுவிட்டேன். பைக் கதையை நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் என்னவென்று சொல்வது? வாசலோடு திரும்பிவிட்டேன்.

இனி முடியாது. உன் பொய் என்னைக் காப்பாற்றியது போதும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அது அச்சில் வரும் முன், உன் மனைவிக்கும் மகளுக்கும் நானே படித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகும் என்னைச் சேர்த்துக்கொண்டால், அடுத்த தேர்வுவரை அவள் பயிற்சிக்குக் கூடவே நிற்பேன். சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. வாப்பாவின் கையை முடக்கியது பைக் இல்லை, நான்தான் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

நாளை அவள் ‘மாமா’ என்று கூப்பிடுவாளா என்று பயந்துகொண்டிருக்கும்
உன் மச்சான்,
சுரக்குடி கலியன்