கோய் மீனின் செவுள்

ஞாயிறு, இரவு.

இன்னும் முகம் சுடுகிறது. அம்மா மரக்காணத்தில் மீன் விற்பதை எங்கள் அலங்கார மீன் சங்கத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று எல்லோரும் விழுப்புரத்திலிருந்து வேனில் திண்டிவனம் பக்கமுள்ள கோய் மீன் பண்ணைக்குப் போனோம்.

பண்ணைக்காரர் ஒரு தாய் மீனைச் சின்னத் தொட்டியில் விட்டுக் காட்டினார். எல்லோரும் அதன் நிறத்தை ஆங்கிலத்தில் பாராட்டினார்கள்.

"நீ ஒண்ணுமே பேசாம நின்னுக்கினு இருக்கியேம்மா. மீன் எப்படி, சொல்லு" என்று பண்ணைக்காரர் என்னிடம் கேட்டார்.

பதற்றத்தில் கையை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"ஃப்ரெஷ்ஷா இருக்குங்க."

"உசுரோட நீந்திக்கினு இருக்குதும்மா!" என்று அலறினார்.

சங்கத் தலைவி அக்கா சிரித்து முடித்து, "வீட்ல மீன் யாவாரமா?" என்றார். தலையாட்டினேன். வேறு வழி?

திரும்பும்போது மூன்று பேர் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். நல்ல வஞ்சிரம் பார்த்து வாங்குவது எப்படி என்று கேட்டார்கள். விழுப்புரம் வரை நானேதான் பேசினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"டிகிரி வாங்கி என்னாடி புண்ணியம்? கண்ணைப் பாக்காமலா ஃப்ரெஷ்ஷுன்னு சொன்ன?"